மகள் கறி, மீனை விட்டுவிட்டாள்: சைவத்தில் சத்து போதுமா?

வைகைக்கரை:
மதுரையிலிருந்து எழுதுகிறேன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஞாயிறு தவறாமல் கறி எடுக்கிற வீடு எங்களுடையது, நடுவில் ஒரு நாள் மீனும் உண்டு. சித்திரையிலிருந்து கறியும் மீனும் வேண்டாம் என்கிறாள். ஆடு அறுக்கிற வீடியோ ஏதோ பார்த்திருக்கிறாள், வேறு யாரும் சொல்லித் தரவில்லை. பால், தயிர் சாப்பிடுகிறாள். முட்டை விஷயத்தில் அவளுக்கே இன்னும் முடிவில்லை. "வயசுப்பிள்ளைக்கு ரத்தம் ஊற வேண்டாமா" என்று மாமியார் தினமும் புலம்புகிறார். வீட்டுக்காரர் "தானா சரியாப் போயிரும்" என்று நகர்ந்துவிட்டார். எனக்குக் கொள்கைச் சண்டை வேண்டாம். கறியில்லாமல் அவளுக்குச் சத்து போதுமா, போதாதென்றால் எது குறையும், அதை எப்படி ஈடுகட்டுவது? இவ்வளவுதான் கேள்வி.

இரும்புப்பிடி:
அக்கா, கொள்கைச் சண்டை வேண்டாம் என்று சொன்னாலே இங்கே முதலில் அதுதான் வரும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். என் பதில்: போதாது. துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது வேகாத பருப்பு. நம் வீட்டுச் சாம்பாரில் கரண்டி விட்டுத் துழாவினால்தான் பருப்பு கண்ணில் படும். கோழி 100 கிராம் எடுத்தால் 20 கிராமுக்கு மேல் நேராகக் கையில் வருகிறது. முட்டையையாவது விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு 6 கிராம்.

சோற்றுக்கணக்கு:
மருத்துவமனையில் உணவு ஆலோசகர் வேலை எனக்கு, தினமும் இதே கேள்விதான் வருகிறது. தம்பி சொன்ன சாம்பார் விஷயம் உண்மை. முடிவு மட்டும் தப்பு.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-இல் வெளியிட்ட அளவுப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 50 கிலோ என்றால் 42 கிராம். வளர்கிற பெண் என்பதால் 45, 46 என்று வைத்துக்கொள்வோம். இனி மதுரையில் ஒரு சாதாரண நாள்: காலையில் மூன்று இட்லி, 6 கிராம். மதியம் 100 கிராம் அரிசிச் சோறு, 7. நான்கு பேருக்கு 100 கிராம் பருப்பு போட்டுச் சாம்பார் வைத்தால் இவள் பங்கு 5. தயிர் ஒரு கிண்ணம், 4 அல்லது 5. மாலை ஒரு டம்ளர் பால், 6. இரவு இரண்டு தோசை, 5. மொத்தம் 34-க்குப் பக்கம். ஆக 11, 12 கிராம் இடிக்கிறது. மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் (40 கிராம் கடலையை ஊறப்போட்டால் வருகிற அளவு), கூட ஒரு கைப்பிடி வேர்க்கடலை. 14 கிராம் வந்துவிடும். கணக்கு முடிந்தது.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கறியைப் பாருங்கள். அரைக் கிலோ எடுத்து நான்கு பேர் சாப்பிட்டால் எலும்பு போக ஆளுக்கு 90 கிராம் கறி, புரதம் 18, 20 கிராம். வாரத்துக்குப் பிரித்தால் நாளுக்கு மூன்று கிராம்கூட இல்லை. மீனுக்கும் அதே அளவு போட்டுக்கொள்ளுங்கள். நாளுக்கு ஐந்தாறு கிராம், அதாவது ஒரு டம்ளர் பாலில் இருப்பது. அவள் விட்டது புரதத்தில் இவ்வளவுதான். பயப்பட வேண்டிய இடம் வேறு, பி12 வைட்டமின். அதைத் தனியாக எழுதுகிறேன்.

இரும்புப்பிடி:
அளவு சரி, தரம்? புரதத்தை உண்டாக்குகிற அமினோ அமிலம் எல்லாம் பருப்பில் போதுமான அளவு இல்லையே.

சோற்றுக்கணக்கு:
அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றில் குறைவது மற்றதில் இருக்கிறது. இட்லி மாவில் உளுந்து ஏன் சேர்க்கிறோம், பொங்கலில் பாசிப்பருப்பு ஏன் போகிறது? நம் பாட்டிகளுக்கு லைசின் தெரியாது, ஆனால் சேர்க்கை தெரியும். இரண்டையும் ஒரே வாயில் சாப்பிட வேண்டும் என்றுகூட இல்லை, ஒரே நாளில் உள்ளே போனால் போதும்.

எதிர்க்கேள்வி:
மாமியார் சொன்ன "ரத்தம்" பற்றி ஒன்று. 2014-இல் இந்தியப் பதிவாளர் துறை எடுத்த கணக்கில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கு மேல் அசைவம். ராஜஸ்தானில் முக்கால்வாசிப் பேர் சைவம். சரி. அடுத்து, ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வை எடுங்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். நூற்றுக்கு 97 பேர் கறி தின்கிற ஊரில் பாதிப் பெண்களுக்கு ரத்தம் பத்தவில்லை. அப்படியானால் அந்தக் கறி எங்கே போகிறது?

வைகைக்கரை:
எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். முதல் பந்தியில் உட்கார்கிற ஆண்களின் தட்டுக்கு. கடைசியில் எங்களுக்கு வருவது குழம்பும் எலும்பும்தான்.

சோற்றுக்கணக்கு:
அம்மா சொன்னது எந்த ஆய்வறிக்கையிலும் இவ்வளவு சுருக்கமாக இருக்காது. ஆனாலும் எதிர்க்கேள்வி ஐயா, ரத்தசோகைக்குத் தட்டு மட்டும் காரணமில்லை. குடற்புழு, அதிக மாதவிடாய்ப் போக்கு, அடுத்தடுத்துப் பிரசவம், ஃபோலேட், பி12 குறைவு எல்லாம் சேரும். மாநிலத்தையும் மாநிலத்தையும் ஒப்பிட்டு இது சைவத்தால், அது அசைவத்தால் என்று சொல்ல முடியாது.

இரும்புச்சத்தைப் பொறுத்தவரை மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஐசிஎம்ஆர் கணக்கில் வயதுவந்த ஆணுக்கு நாளுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. கறியில் இருப்பது ஹீம் இரும்பு, அதில் கால்வாசி வரை உடம்பு எடுத்துக்கொள்ளும். கீரை, பருப்பில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு ஏறினாலே பெரிது. அதைக் கூட்டுகிற வழிகள் சமையலறையிலேயே இருக்கின்றன. சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது வேண்டும். பயறை முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் இரும்பை ஏறவிடாமல் தடுக்கிற ஃபைட்டேட்டைக் குறைக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் மட்டும் கூடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். இந்த டீ விஷயத்தைச் சொன்னால் நோயாளிகள் என்னை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

வடலூரான்:
ஒரு குழந்தை தானாக இரக்கப்பட்டு ஊனை விட்டிருக்கிறது. அதற்கு வாழ்த்துச் சொல்ல இங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, எல்லாரும் கிராம் கணக்குப் போடுகிறீர்கள். வள்ளலார் 1867-இல் வடலூரில் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. வருகிறவர் எல்லாருக்கும் அங்கே சைவச் சோறுதான், யாரும் மெலிந்து போய்விடவில்லை. "நான் கொல்லவில்லை, கடையில் வாங்கித்தானே தின்கிறேன்" என்பவர்களுக்கு வள்ளுவர் 256-ஆம் குறளிலேயே பதில் சொல்லிவிட்டார். தின்பதற்காக வாங்குவார் இல்லையென்றால் விலைக்கு விற்பாரும் இல்லை. சந்தைக் கணக்கை இதைவிடத் தெளிவாக யார் சொன்னது?

எதிர்க்கேள்வி:
குறள் சரி. அதற்கு முன்னால் புறநானூற்று 14-ஆம் பாட்டையும் படியுங்கள் ஐயா. உங்கள் கை மென்மையாக இருக்கிறதே என்று சேர அரசன் கேட்க, ஊனும் கறியும் சோறும் தின்று வருந்துவதைத் தவிர வேறு வேலை தெரியாத கை இது என்கிறார் கபிலர். கபிலர் அந்தணர். தமிழன் ஆதியிலிருந்தே சைவம் என்பதும், சைவம் என்பதே வந்தேறிப் பழக்கம் என்பதும் இரண்டுமே அரைக் கதை. இரண்டும் இங்கேயே இருந்தன, அப்போதே சண்டை போட்டுக்கொண்டும் இருந்தன.

கிடைக்காரன்:
வடலூரான் ஐயாவுக்கு வணக்கம். சிவகங்கைப் பக்கம் எங்கள் குடும்பம் ஆட்டுக்கிடை போடுகிறது. அறுவடை முடிந்ததும் தரிசுக்கு ஆட்டை ஓட்டிப்போவோம். ராத்திரி வயலிலேயே வலை கட்டி அடைப்போம். விடிந்தால் புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு உரம். கிடை போட்டதற்கு வயல்காரர் எங்களுக்குக் காசோ நெல்லோ தருவார். அந்த வயலில் விளைகிற கத்தரிக்காயும் நெல்லும்தான் உங்கள் சைவச் சாப்பாடு. கறிக்கு விலை இல்லையென்றால் கிடாக்குட்டியை நாங்கள் வளர்க்க மாட்டோம், மந்தையும் இருக்காது, கிடையும் இருக்காது. அருள் பேசுகிற யாராவது வயலுக்கு எரு போடுவதைப் பற்றியும் பேசுங்களேன்.

வடலூரான்:
உங்களைக் குறை சொல்லவில்லை தம்பி. உங்கள் ஆட்டுக்காவது வெயிலும் மழையும் தெரியும். கொட்டகைக்குள் பத்தாயிரம் கோழியை அடைத்து வைத்து, ஊசி போட்டு ஊதவைத்து விற்கிறார்களே, அதைச் சொல்கிறேன்.

பண்ணைக்காரர்:
பல்லடத்தில் கறிக்கோழிக் கொட்டகை வைத்திருக்கிறேன். இந்த "ஊசி போட்டு ஊதவைக்கிற" கதை வாட்ஸப்பில் வந்து வந்து எங்களுக்கு அலுத்துவிட்டது. ஹார்மோன் எல்லாம் கிடையாது. ஒரு கோழியில் மிஞ்சுவதே சில ரூபாய், அதில் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட்டால் கட்டுப்படியாகுமா? தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்கிற கோழியைத் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததுதான் காரணம். 40 நாள் வாக்கில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான் தீவனம். நாங்கள் கொடுப்பது வெள்ளைக்கழிச்சல் போன்றவற்றுக்கான தடுப்பு மருந்து.

கேட்க வேண்டிய கேள்வி ஆன்டிபயாடிக் பற்றி. அதில் எங்கள் தொழில் மேல் தப்பு உண்டு. கொலிஸ்டின் என்ற மருந்து, மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுப்பது, அதைக் கோழி வளர்ச்சிக்கென்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019-இல் மத்திய அரசு தடை செய்தது. தடை வந்தது நல்லது என்றுதான் நான் சொல்வேன். இல்லாத ஹார்மோனைத் திட்டுகிற நேரத்தில் இதைக் கேட்டிருந்தால் இன்னும் முன்னாலேயே நின்றிருக்கும்.

இரும்புப்பிடி:
அண்ணே, அப்போது சோயாவைத்தான் கோழி வழியாகச் சாப்பிடுகிறேனா?

பண்ணைக்காரர்:
ஒரு கிலோ எடை ஏற ஒன்றரை கிலோவுக்கு மேல் தீவனம் போகிறது. நீயே சோயாவைத் தின்றால் எனக்கு வியாபாரம் போகும், உனக்குக் காசு மிஞ்சும். தின்று பார், ஞாயிற்றுக்கிழமை எப்படியும் கடைக்கு வந்து நிற்பாய்.

நல்லூர்வாசி:
யாழ்ப்பாணத்திலிருந்து. நீங்கள் எல்லாரும் ஒரு ஆள் ஒன்றில் சைவம், இல்லையெண்டால் அசைவம் என்று கதைக்கிறீங்கள். எங்கட பக்கம் கனபேர் இரண்டும்தான். வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கிறதில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டில் மரக்கறிதான், மச்சச் சட்டியைக் கழுவிப் பரணில் ஏத்திவிடுவினம். கொடி இறங்கினால் திரும்ப மீன்குழம்பு. அந்த நாட்களில் பருப்புக்கறி, கீரைக்கடையல், சோயாமீற், தயிர் எல்லாம் இருக்கும், ஒருத்தரும் சத்துக் குறையுது எண்டு சொன்னதில்லை. மகளைப் பயப்படுத்தாதேங்கோ தங்கச்சி. இன்றைக்கு விட்டவள் நாளைக்குத் தொடவும் கூடும், தொடாமல் இருக்கவும் கூடும்.

சோற்றுக்கணக்கு:
25 நாளுக்கு ஒன்றும் ஆகாது, சரிதான் அண்ணா. பல வருஷம் என்றால் ஆகும். அந்த பி12 கதைக்கு இப்போது வருகிறேன், இந்த இழையில் முக்கியமானது இதுதான்.

பி12-ஐச் செடியும் செய்யாது, ஆடும் தானாகச் செய்யாது. நுண்ணுயிர்கள் செய்கின்றன. ஆட்டின் வயிற்றில் அவை இருப்பதால் அதன் கறியிலும் ஈரலிலும் பாலிலும் சேர்கிறது. நமக்கு நாளுக்கு வேண்டியது இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம். 100 கிராம் மத்தி மீனில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. ஈரலில் இன்னும் பல மடங்கு. ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம். ஒரு டம்ளர் பாலில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு, சுண்டக் காய்ச்சினால் அதிலும் ஒரு பகுதி போய்விடும். ஆக பால், தயிர் மட்டும் என்றால் எல்லைக்கோட்டில் நிற்கலாம். முட்டையும் சேர்ந்தால் ஓரளவு பரவாயில்லை. பாலையும் விட்டுவிட்டால் மாத்திரைதான், வேறு வழியே இல்லை.

சிக்கல் என்னவென்றால் ஈரலில் சேமிப்பு சில வருஷத்துக்கு இருக்கும். அதனால் விட்ட உடனே ஒன்றும் தெரியாது. பிறகு கை கால் மரத்துப்போவது, நாக்கு எரிச்சல், சோர்வு, மறதி என்று மெல்ல வரும். நரம்புப் பாதிப்பை நீடிக்க விட்டால் முழுவதும் சரியாகாமலும் போகலாம். சுருள்பாசியில் பி12 இருக்கிறது என்று விற்கிறார்கள். அதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம், காசு கொடுத்து வாங்காதீர்கள். ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் மருத்துவர் எழுதித் தருகிற மாத்திரை மலிவானது. இது அசைவக்காரர்களுக்கும் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும், எத்தனை கறி தின்றாலும். உங்கள் மாமியாருக்குச் சர்க்கரை இருந்தால் பேத்தியோடு அவருக்கும் சேர்த்துப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

வாடகைவீடு:
சத்துக் கணக்குக்கு நடுவில் மன்னிக்கவும். சென்னையில் வீடு தேடும்போது போன் எடுத்ததும் முதல் கேள்வி "நீங்க வெஜ்ஜா?" அடுத்த கேள்வி கேட்கவே தேவையில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அட்வான்ஸ் கொடுக்கப் போன இடத்தில் தெருப் பேரைக் கேட்டுவிட்டு வீடு இல்லை என்று சொன்னார்கள். அதனால் யாராவது "சைவம் வெறும் உணவுப் பழக்கம்தானே" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். இந்தப் பெண் விட்டதும் வீட்டு வாசலில் தொங்குகிற "ஒன்லி வெஜ்" பலகையும் ஒன்றல்ல என்று யாராவது சொல்லுங்கள்.

வடலூரான்:
ஒன்றல்ல. உயிர் மேல் இரக்கம் காட்டிவிட்டு மனிதனை வாசலில் நிறுத்துவது வள்ளலார் வழி இல்லை. ஆனால் நான்கு பேர் பலகை மாட்டியதற்காக இரக்கத்தையே சந்தேகப்பட வேண்டுமா?

வாடகைவீடு:
நான்கு பேரா? நீங்கள் என் சாதியில் பிறந்து ஒரு தடவை வீடு தேடிப் பாருங்கள்...

மட்டுறுத்துநர்:
இதற்கு மேல் போன இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. வாடகை வீட்டுப் பாகுபாடு பற்றித் தனி இழை தொடங்கலாம், அது பேசவேண்டிய விஷயம்தான். இங்கே தொடக்கக் கேள்விக்குத் திரும்புவோம்.

முட்டை டீச்சர்:
சத்துணவு மையம் உள்ள பள்ளியில் ஆசிரியை. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று சத்துணவில் முட்டை வந்தது. 2010-இலிருந்து வாரம் ஐந்து. சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். தட்டோடு வரிசையில் நிற்கும், முட்டை வேண்டாம் என்கிற பிள்ளை பழத்தை வாங்கிக்கொண்டு போகும், பக்கத்துப் பிள்ளை ஒன்றும் சொல்லாது. பக்கத்து மாநிலம் கர்நாடகத்தில் 2021 கடைசியில் சில மாவட்டங்களில் முட்டை போட ஆரம்பித்தபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள், ஊரே இரண்டுபட்டது. இங்கே ஒரு வாழைப்பழத்தில் முடிந்த விஷயம். ஆனால் சத்து என்று பார்த்தால் வாழைப்பழம் முட்டைக்கு ஈடில்லை, அது எனக்கும் தெரியும். சுண்டல் கொடுக்கும் நாளில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி கூடப் போடச் சொல்வேன்.

இரும்புப்பிடி:
யாராவது ஆயுள் பற்றிச் சொல்லுங்கள். சைவக்காரர்கள் அதிக நாள் வாழ்கிறார்களா?

சோற்றுக்கணக்கு:
ஆக்ஸ்போர்டுகாரர்கள் பிரிட்டனில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை நீண்டகாலம் கவனித்து 2019-இல் வெளியிட்டது: சைவக்காரர்களுக்கு மாரடைப்பு வகை நோய் 22 சதவீதம் குறைவு, பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். கேட்க இரண்டும் சரிக்குச் சரி போலிருக்கும். எண்ணிக்கையில் ஆயிரம் பேருக்குப் பத்து வருஷத்தில் இதயநோய் பத்து குறைவு, பக்கவாதம் மூன்று அதிகம். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை பதப்படுத்திய இறைச்சியை, அதாவது சாசேஜ், பேக்கன் வகையறாவை, புற்றுநோய் உண்டாக்குகிற பட்டியலிலேயே சேர்த்தது. சாதா ஆட்டுக்கறி, மாட்டுக்கறி அதற்கு அடுத்த படி, "வாய்ப்புண்டு" என்கிற வரிசையில்.

ஆனால் அந்த பிரிட்டன்காரரின் சைவத்தையும் நம் சைவத்தையும் ஒன்றாக வைக்காதீர்கள். நம் ஆளுக்குக் காலையில் பொங்கல் வடை, மதியம் மலைபோல் வெள்ளைச்சோறு, நாலு மணிக்கு போண்டா, இரவு பரோட்டா. அசைவக்காரர் தட்டிலும் அதே சோற்றுமலைதான், ஓரத்தில் இரண்டு துண்டு. வருகிற சர்க்கரை நோயாளிகளை சைவம், அசைவம் என்று நான் பிரிப்பதே இல்லை. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பருப்போ பயறோ மீனோ முட்டையோ வை என்றுதான் சொல்கிறேன். எது என்பது அவரவர் மனசு.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. பி12, ஹீமோகுளோபின் இரண்டும் எடுக்கப்போகிறோம். மாமியாருக்கும் சேர்த்துத்தான், அவர் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். முட்டையை மகள் முடிவுக்கே விட்டுவிட்டேன். இனி நடைமுறைச் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கென்று தனிக் குழம்பு வைக்க எனக்கு நேரமில்லை. கறிக்குழம்பில் துண்டை ஒதுக்கிவிட்டு ஊற்றினால் கண்டுபிடித்துவிடுகிறாள். மீல் மேக்கர் போட்டால் வாடை வருகிறது என்கிறாள்.

முட்டை டீச்சர்:
ஒதுக்கிவிட்டு ஊற்றாதீர்கள், அது ஏமாற்றுவதுதான், பிள்ளைக்கு அப்புறம் உங்கள் சமையல் மேலேயே நம்பிக்கை போய்விடும். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கி, மசாலா அரைத்து ஊற்றி, தேங்காய் விட்டுக் கொதிக்கிற வரை ஒரே சட்டி. அந்த இடத்தில் பாதியை வேறு சட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஒன்றில் தனியாக வேகவைத்த கறி, இன்னொன்றில் ஊறவைத்து வேகவைத்த மொச்சையோ கறுப்புக் கொண்டைக்கடலையோ. கரண்டி மட்டும் இரண்டு. மீல் மேக்கரை உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம் அலசிப் பிழிந்தால் வாடை போகும். பிறகு எண்ணெயில் லேசாக வறுத்துப் போடுங்கள். மொச்சைக் குழம்பை வீட்டுக்காரருக்கும் ஒரு கரண்டி ஊற்றிப் பாருங்கள்.

கிடைக்காரன்:
மாமியாருக்கு ரத்தம் குறைவு என்று வந்தால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிக் கொடுங்கள் அக்கா. சந்தைக்குக் காலையில் சீக்கிரம் போனால்தான் கிடைக்கும், ஒரு ஆட்டுக்கு ஒன்றுதானே.

சோற்றுக்கணக்கு:
சுவரொட்டி இரும்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. முதலில் ரிப்போர்ட் வரட்டும்.